பக்கத்து வூட்டு கேடன்ஸ்

நேற்று பொத்தேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. கீபோர்ட் வாசித்த இளைஞன் பாட்டை முடிக்கிற மாதிரி ஐந்தாவது கார்டுக்கு, அதாவது ஐந்தாம் ஸ்வரக்கூட்டுக்கு, வந்தான். முதல் கார்டில் இறங்குவான் என்று பார்த்தால் ஆறுக்குத் தாவிவிட்டான். "பக்கத்து வூட்ல பூந்துட்டான்!" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் கணவர் முழங்கையால் இடித்தார். எல்லாம் உன்னால் வந்த வினை.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு சனிக்கிழமை மேற்கத்திய இசைத் தியரி வகுப்பில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே முப்பது தாண்டிய பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் அணுபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து பொழுதுபோக்காக வந்தவள். நீயோ கச்சேரிக் குழுவில் ஊர் ஊராகக் கீபோர்ட் வாசித்தவள். மகளைத் தனியே விட்டுப் போகிற அந்தப் பிழைப்பு உனக்குப் போதும் என்றாகியிருந்தது. மியூசிக் டீச்சராக எடுத்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் தயார். ஐந்தாம் கிரேடு தியரி சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

பாட்டின் வரி எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்கு வந்து முடிகிறது என்கிற கேடன்ஸ்தான் உன்னைப் படுத்தியது. "காதுக்குத் தெரியுதுடி, பேருதான் மண்டைல நிக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரு" என்பாய். அதனால் நீயே பெயர் வைத்தாய். ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தால், "வூட்டுக்கு வந்துட்டான்." ஐந்திலேயே நின்றால், "வாசப்படில நின்னுகினு கீறான்." நாலிலிருந்து ஒன்றென்றால், "ஆமென் சொல்றான்." ஐந்திலிருந்து ஆறென்றால், பக்கத்து வூடு. அதுவரை புத்தகத்தை உருப்போட்டு எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் அந்த வித்தியாசம் காதில் விழுந்தது.

சென்னையில் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது உன் முகம் செத்திருந்தது.

"மோசம் போய்ட்டேன்டி. 'இன்டரப்டட்'னு எழுதறதுக்கு பதிலா 'நெய்பர் ஹவுஸ்'னு எழுதிக் குட்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நீ அழுதாய். திரும்பும் ரயிலில், "இன்னா சிரிப்பு? வேல பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

முடிவு வந்தது. அந்த ஒரு பதிலைத் திருத்தியவர் என்ன நினைத்தாரோ, மீதியெல்லாம் நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு வெறும் பாஸ், உனக்கு மெரிட். பொறாமையே வரவில்லை, நம்பு. தபால்காரர் வரைக்கும் நிறுத்திச் சொன்னேன்.

முதல் நாள் உன்னைப் பள்ளியில் விட நானும் வந்தேன். வகுப்பே எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றபோது, யாருக்குச் சொல்கிறார்கள் என்று நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய். யாரும் இல்லை. உனக்குத்தான்.

நீ கண்மூடிய பிறகு, பள்ளியில் நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் சிலர் தியரி கேட்டு என்னிடம் வருகிறார்கள். உங்களுக்கு யார் மிஸ் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். பெரிய பெயர் எதையோ எதிர்பார்க்கிற முகம் அது. நான் உன் பெயரைச் சொல்வேன். "எங்க மிஸ்ஸா!" என்று அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.