புளி போட்டுத் தேய்த்த கடல் கல்

பூவம்மா,

கோவிலிலிருந்து வந்ததும் இதைப் படி. பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் போகிறேன். பன்னிரண்டு மணிக்குக் கடல் வற்றுமாம்; நம் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு வேறு கல் எடுத்து வரணும்.

பழைய கல்லை நீ அழுக்கென்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாய். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் ஓர் ஊரே குடியிருந்ததடி! நண்டு மட்டும் நானூறு. ஓர் இறால் தினமும் எனக்குச் சலாம் வைக்கும். (சரி, நண்டு மூன்றுதான்.) அதற்காக நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

மூன்று மணிக்குக் காதர் மைதீன் டின்னில் கடல் தண்ணீர் கொண்டு வருவார். தொட்டியருகே வைக்கச் சொல். தேத்தண்ணி கொடு. ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று அந்த டின்னில் கை வைத்துவிடாதே.

சோறு நானே வடித்தேன். கொஞ்சம் குழைந்துவிட்டது.

மருதப்பன்

பி.கு.: நாலு நாளாக நீ பேசவில்லை. வேலையை விட்டு வந்தபிறகு எனக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? நேற்று வெறும் தொட்டியிடம் அரைமணி நேரம், நான் கப்பல் வேலை பார்த்த செம்பவாங் டாக்யார்டுக் கதை சொன்னேன். அடுப்படியில் நீ சிரித்தது போலக் கேட்டது. நிஜமாகவே சிரித்தாயென்றால், இன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரி.