கட்டுரையில் இல்லாத எலிகள்

கிழக்குத் தாம்பரம்
14.8.1991

அன்பு மகன் அசரியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டில்லி வெயிலில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் மற்றதை எழுதாமல் விட்டுவிடுவேன், அதனால் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு சைக்கிள் கடை தசரதனின் மகள் நாகலக்ஷ்மி போன வியாழக்கிழமை இறந்துவிட்டாள்.

பதின்மூன்று வயதுதான். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, தினம் இரண்டு வேளை அவள் அப்பா ஊசி போடுவார், நீயே பார்த்திருக்கிறாய். உன் கட்டுரை வந்த வாரப் பத்திரிகையை நான் ஸ்டேஷன் கடையில் நான்கு பிரதி வாங்கினேன். ‘ஊசிக்கு விடை, கஷாயமே போதும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கீழே உன் பெயர். ஒரு பிரதியை நானேதான் தசரதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, நம்ம தம்பி எழுதினதா டீச்சரம்மா, அப்போ சரியாத்தான் இருக்கும் என்றார். முப்பது வருஷம் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவள், நானும் தலையாட்டினேன். நாட்டு மருந்துக் கடையில் நீ எழுதியிருந்த மரப்பட்டையை வாங்கிக் காய்ச்சி, ஞாயிற்றுக்கிழமையோடு ஊசியை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் என்னிடம் ஓடிவந்து, இனிமே குத்தமாட்டாங்க டீச்சர் என்று கையை நீட்டிக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை வாந்தி. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். புதன்கிழமை மூச்சு வாங்கியது, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசியை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். தசரதன் சட்டைப் பையிலிருந்து உன் கட்டுரையை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மே மாதம் நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஆராய்ச்சிக் கூடத்தில் கூண்டு கூண்டாக வெள்ளெலிகள் பார்த்தேன், அதிலும் பாதிக்குத்தான் சர்க்கரை குறைந்ததாம், மனிதருக்குக் கொடுக்கப் பத்து வருஷமாவது ஆகும் என்று அந்த விஞ்ஞானி சொன்னார் என்றெல்லாம் எனக்கு எழுதியிருக்கிறாய். கட்டுரையில் எலி என்ற ஒரு சொல் இல்லை அசரியா. பத்திரிகைக்காரர்கள் வெட்டினார்களா, நீயே விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியாது. அவர்களே வெட்டியிருந்தாலும், அச்சில் பார்த்த பிறகு ஏன் சும்மா இருந்தாய் என்று உன்னைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கும்போதே உன் முகம் கண்முன் வந்து நிற்கிறது.

தசரதன் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நேற்று வாசலில் வந்து நின்று, மூணு தம்ளர ஒண்ணா சுண்டவெக்கணும்னு போட்டிருந்திச்சு, நான் ஒழுங்கா காய்ச்சலையோ இன்னாவோ டீச்சரம்மா, தம்பிய ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க என்றார். அவன் நேரில் வந்து சொல்லுவான் என்று மட்டும் சொன்னேன்.

லீவு கிடைக்காது என்று எழுதாதே. வேளைக்குச் சாப்பிடு, உன்னை வருத்திக்கொள்ளாதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக. வந்ததும் நம் வீட்டுக்கு வராமல் முதலில் அவர் வீட்டுக்குப் போ. அவர் கஷாயத்தைச் சரியாகத்தான் காய்ச்சினார் என்று அவரிடம் சொல்.

உன் அம்மா,
ரத்தினபாய்