சீர் கொண்டுபோக ஒரு கார்

லடாக்
12.1.2025

அன்புள்ள ஜோதிக்கு,

நலம். அங்கே நீயும் அப்பா அம்மாவும் சுகம்தானே? போனில் பேசினால் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ 'ம்', 'ம்' என்கிறாய். அதற்குக் கடிதமே மேல்.

மார்ச் கடைசியில் பென்ஷனோடு ஊர் வந்துவிடுவேன். பதினேழு வருஷம் பட்டாள லாரியை மலைமேல் மாட்டுவண்டி வேகத்தில் உருட்டியாயிற்று. இனி சொந்தமாக ஒரு சின்னக் கார் வேண்டும், மிதித்தால் பாய்கிற கார். புதிதாக வாங்க வசதி இல்லை. ஆறு லட்சத்துக்குள் கைமாறிய டர்போ கார் கிடைத்தால் போதும். இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று சிரிக்காதே.

நீதான் போய்ப் பார்க்க வேண்டும். உன் அப்பாவின் குட்டியானை வண்டியில் தேங்காய் லோடு ஓட்டியவள் நீ. உன் காதை நம்புகிறேன். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். கதவு ரப்பரை விலக்கி உள்ளேயும் அதே பெயிண்டா என்று பார். பிறகு சிறுமலைக்கு ஏற்று. இரண்டாவது கியரில் திணறினால் அப்படியே திரும்பிவிடு.

சித்திரையில் தங்கச்சி யுவராணி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் அந்தக் காரில்தான் போக வேண்டும்.

அன்புடன்,
சந்தோஷ்குமார்


ரெட்டியார்சத்திரம்
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதிக்கொள்வது. அத்தைக்கு முட்டிவலி. ஆனால் என் குழம்பில் உப்பு தூக்கல் என்று நாலு வீட்டுக்குச் சொல்லும் தெம்பு இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

இரண்டு கார் பார்த்தேன். நாகல் நகரில் ஒரு சிவப்புக் கார். பானெட் தோசைக்கல்லாகச் சுட்டது. "காலையில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்க்கா" என்றார் அந்த ஆள். டிக்கி விரிப்பைத் தூக்கினால் அடியில் வெல்டிங் தழும்பு. பின்னால் பலமாக அடி வாங்கிய வண்டி. "எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன்.

அடுத்தது பேகம்பூரில் ஃபர்ஹீன் என்ற பெண்ணுடைய வெள்ளை போலோ கார். ஒரே கையில் இருந்த வண்டி. வேலைக்கு வெளிநாடு போகிறாள், அதனால் விற்கிறாள். பானெட் ஜில்லென்று இருந்தது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிறுமலைக்கு ஏற்றினேன். வளைவு முடிந்து காலை அழுத்தினால் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது மாமா. "அக்கா, இம்புட்டு நாளும் எதை ஓட்டுனீங்க?" என்றாள். "தேங்காய் வண்டி" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

காதுகுத்துக்குச் சின்னாளபட்டி போய் அரக்குச் சுங்குடிச் சேலை எடுத்துவிட்டேன். கல்யாணமாகிச் சில வருஷத்திலிருந்தே எந்த விசேஷத்திலும் ஏதாவது சாக்குச் சொல்லி என்னைப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை இல்லாதவள் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இந்த முறை அது நடக்காது. சீரின் முதல் தட்டைத் தாய்மாமன் பெண்டாட்டிதான் தூக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கப் போகிறேன். காரைவிட எனக்கு அதுதான் ஆசை.

உங்கள்
ஜோதி


லடாக்
19.2.2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதத்தை இங்கே ஒர்க்ஷாப்பில் இருக்கும் சகாயராஜ் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "ஏலே, உன் பொண்டாட்டிய நம்ம ஒர்க்ஷாப்புல சேத்துவிடு" என்கிறார். வெள்ளை வண்டியே முடிவு. முன்பணம் கொடுத்துவிடு. டயர் தேய்ந்திருந்தால் வந்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். யுவராணி போன் செய்தாள். அவள் மாமியார் வீட்டில், முதல் தட்டைப் பிள்ளை பெற்றவர்கள் தூக்கினால் நல்லது என்கிறார்களாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் தங்கச்சி வாழ்கிற இடம். ராமுத்தாய் சித்தி தூக்கட்டும் என்று அம்மா சொல்கிறாள். சின்னக் கார்தானே, பின்சீட்டில் அம்மாவும் தட்டுகளும், முன்சீட்டில் சித்தி என்று வைத்துக்கொள்ளலாம். நீ அப்பாவோடும் மற்ற சொந்தக்காரர்களோடும் வேனில் வந்துவிடு. ஒரு நாள்தானே ஜோதி. கொஞ்சம் அனுசரித்துக்கொள்.

அன்புடன்,
சந்தோஷ்குமார்


பாலசமுத்திரம்
6.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

முன்பணம் கொடுத்தாயிற்று. நீங்கள் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ஃபர்ஹீன் சொல்லியிருக்கிறாள். நான் எங்கள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். யுவராணி வீட்டார் சொன்னதற்காக அழவில்லை. அது பழகிவிட்டது. மதுரை டாக்டர் என்ன சொன்னார் என்பது உலகத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். குறை உங்களுக்கு என்று அவர் சொன்ன அன்று, திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லிறாத ஜோதி" என்றீர்கள். இன்றுவரை சொல்லவில்லை. மலடி என்ற பேச்சை நான் வாங்கிக்கொண்டேன். உங்களுக்காக வாங்கிக்கொள்கிறோம் என்று இருந்ததால் அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. இப்போது நீங்களே அவர்களோடு சேர்ந்து என்னை வேனில் ஏறச் சொல்கிறீர்கள். இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை மாமா.

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. "தட்டை என் பெண்டாட்டிதான் தூக்குவாள்" என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

ஜோதி


ரெட்டியார்சத்திரம்
28.4.2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் அப்போதே கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

காதுகுத்து முடிந்தது. உனக்குக் காய்ச்சல் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். சித்தி காரிலிருந்து இறங்கித் தட்டை எடுத்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் பின்னாலேயே நடந்துவிட்டேன்.

பயம் ஜோதி. 'ஏன் அவள்தான் தூக்கணுமா' என்று யாராவது கேட்டால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற பயம். பதினேழு வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு இது வெட்கக்கேடு.

காரில் ஒரு குறையும் இல்லை, நீ எழுதியபடியே எல்லாம் சரியாக இருக்கிறது. வண்டியை எடுக்கப் போனபோது ஃபர்ஹீன் முதலில் கேட்டது, "அக்கா வரலையா?" என்றுதான். நேற்று தனியாகச் சிறுமலைக்கு ஓட்டிப் போனேன். பாதியிலேயே திரும்பிவிட்டேன். நல்ல வண்டி, எனக்குத்தான் ஓட்டப் பிடிக்கவில்லை. மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, பாலசமுத்திரம் வருகிறேன். என்னோடு வந்துவிடு.

சந்தோஷ்


பாலசமுத்திரம்
2.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வண்டி நன்றாக ஓடுவதில் எனக்கும் சந்தோஷம். சனிக்கிழமை வர வேண்டாம். வந்தால் நான் அழுதுகொண்டே கிளம்பிவிடுவேன். பிறகு அடுத்த விசேஷம் வரும், அதற்கும் ஒரு வேன் வரும்.

கோபத்தில் எழுதவில்லை. உங்களை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது.

நேற்று அப்பா கேட்டார். "ஏங்கண்ணு, என்ன ஆச்சுன்னு சொன்னாத்தானுங்க தெரியும்? மாப்பிள்ளைகிட்ட ஏதாச்சும் குறையா?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்கப்பா. குறை எனக்குத்தான், பிள்ளை பிறக்காது. அதான் அங்க ஒத்துவரலை" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். இனி யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீங்கள் பயப்படாமல் இருங்கள்.

ஜோதிமணி