பேபி அக்காவின் பெயர்

பேபி அக்கா,

இன்று காலை ஜான்-டலோன் சந்தையில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தக்காளிக் கூடையோடு திரும்பிப் பார்த்தேன். ஒரு பிரெஞ்சுக்காரத் தாய், முன்னால் ஓடிக்கொண்டிருந்த தன் சின்ன மகளை, "புளோரான்ஸ், புளோரான்ஸ்" என்று மூக்கால் இழுத்து அழைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அந்தப் பெயரில் எத்தனையோ பிள்ளைகள். நான்தான் விசரி மாதிரி நின்று, நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்தேன்.

எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் நீங்கள் பேபிதான். ஞானஸ்நானத்தில் உங்களுக்கு வைத்தது உங்கள் அப்பாவின் தாயாருடைய பெயர். மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையை ஏச முடியுமா? உங்கள் அம்மா அந்தப் பெயரை வாயில் எடுக்கவே இல்லை. அப்படி வந்த பேபி, தலை நரைத்த பிறகும் போகவில்லை.

நாமிருவரும் மரக்கறி அடுக்கிய கடையில்தான் உங்கள் பெயர் உங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. முதலாளி இத்தாலிக் கிழவர். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அது அவருடைய நாட்டு நகரம் ஒன்றின் பெயராம். லத்தீனில் பூத்துச் செழிப்பது என்று பொருளாம். அந்த நகரத்தில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தை ஒன்றுக்கு ஊரின் பெயரையே வைத்தார்களாம். அவள் பேர்பெற்ற தாதியானதும் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஒரு புளோரன்ஸ். அங்கிருந்து கப்பலேறித்தான் யாழ்ப்பாணத்துக்கும் வந்திருக்க வேண்டும். முற்காலத்தில் ஆண்களுக்கும் அந்தப் பெயர் இருந்ததாம் என்று அவர் சொன்னபோது, "அப்ப என்ர மனுசனுக்கே வைச்சிருக்கலாம்" என்றீர்கள்.

அன்று பஸ்ஸில் வரும்போது மெதுவாகச் சொன்னீர்கள். "அந்தாள் கூப்பிடேக்க ஆரையோ கூப்பிடுறார் எண்டு நிண்டனான், பிள்ளை. பேந்துதான் விளங்கினது, அது நான்."

நீங்கள் நோயில் விழுந்து கிடந்த ஆஸ்பத்திரியிலும் தாதிமார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுப்பினார்கள். ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "தமிழ் வாயால ஒருத்தரும் என்ர பேரைச் சொல்லேல்லை. நீ ஒருக்காச் சொல்லன்."

மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை. "என்னக்கா நீங்கள், சும்மா படுங்கோ" என்றேன். "சரி, விடு" என்று சிரித்தீர்கள். பேந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பேந்து வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களில் சிலர், "ஆர் இந்தப் புளோரன்ஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுதார்கள்.

நீங்கள் போன அடுத்த வருடம் உங்கள் மகள் டிலானிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. உங்கள் பெயரைத்தான் வைத்தாள். ஞானத்தாய் நான். ஞானஸ்நானம் முடிந்து, கோயிலால் ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து கேக் வெட்டும்போது டிலானி சொன்னாள். "அம்மான்ர பேரைச் சொல்லி எப்பிடி அன்ரி ஏசுறது? வீட்டில பேபி எண்டே கூப்பிடுவம்."

"வேண்டாம் பிள்ளை. ஏசவேண்டி வந்தா ஏசு. ஆனா அந்தப் பேரைச் சொல்லியே ஏசு" என்றேன். ஏன் என்று கேட்டாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னேன். கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

பிள்ளை இப்போது தவழ்கிறாள். இன்று சந்தையிலிருந்து நேரே டிலானி வீட்டுக்குத்தான் போனேன். எனக்கு முதுகு காட்டி இருந்து, செருப்பொன்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி, "புளோரன்ஸ்" என்று கூப்பிட்டேன். இப்போது அந்தப் பெயர் என் வாயில் தடக்குவதில்லை.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அக்கா. இவ்வளவைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.