வேர்வை படாத நாடா

காலையில் திருவாதவூர்க்காரி ஒருத்தி, இதயத்துடிப்பைப் பதியும் கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டியிருந்தது. தோலுறை எங்கும் சேறு, வயல் வாடை. அதைக் கட்டிக்கொண்டே நாற்று நட்டிருக்கிறாள். பெரிய டாக்டர் அவளைத் திட்டினார். துடிப்பு பதிந்த நாடாவை ஓடவிட்டேன். தேடிய கோளாறு அதில் இருந்தது. அவளுக்கு மருந்து தொடங்கியாயிற்று.

எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது, மாப்ள. செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். படுகிறேன்.

அவனியாபுரம் பட்டறையில் சம்மட்டி தூக்கினால் உனக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்கும், கண் இருட்டும். எஞ்சின் மிஸ் ஆகிறது என்று சிரிப்பாய். பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வருவதற்குள் அடங்கிவிடும். இசிஜி சுத்தமாக இருக்கும். மனப்பதற்றம் என்று எழுதி அனுப்புவார்கள்.

அதனால்தான் உன்னை எங்கள் ஆய்வில் சேர்த்தேன். துடிப்பு ஏன் ஒழுங்கு தப்புகிறது என்று தேடும் ஆய்வு. நான் அதில் மாணவன். கருவி ஒன்றே ஒன்று. கட்டிவிடும்போது சொன்னேன்:

"பாத்து மாப்ள. வேர்வ படக் கூடாது. இது போச்சுன்னா என் ஆராய்ச்சியே போச்சு."

நீ பட்டறைக்கு லீவு போட்டாய். வெளுத்த வேட்டி கட்டி, ஃபேனுக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தாய். மறுநாள் பெருமையாக நீட்டினாய்.

"ஒரு கீறல் இல்ல, பாத்துக்க."

ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையாவது நீ சரி என்று சொன்னதுண்டா? "நிக்கிற வண்டில என்னண்ணே தெரியும்" என்று வருகிறவர்களை விரட்டுவாயே. உன் நெஞ்சை மட்டும் நிறுத்தி வைத்துக் காட்டினாய், மடையா.

அன்று என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லையா? கேட்டேன். சொன்னாய். நல்லது என்றேன். நாடா அவ்வளவு சுத்தம். எனக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் வாரம் பட்டறையில் விழுந்தாய்.

ஆய்வுப் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே 'இயல்பு' என்று இருக்கிறது. என் கையெழுத்து. அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும் என்று டாக்டரிடம் போய் நின்றேன். நாடாவில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்றார். தவறில்லை. அதுதான் எரிகிறது.

இப்போது யாருக்குக் கட்டிவிட்டாலும், எந்த வேலையில் படபடப்பு வருகிறதோ அந்த வேலையைச் செய்யச் சொல்கிறேன். கருவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தயங்குவார்கள்.

"ஆகட்டும்."

கத்திவிடுகிறேன். பயந்துபோய்த் தலையாட்டுகிறார்கள்.