ஒன்பதாவது கட்டை

உ
திருக்கோகர்ணம்
12-2-1951

என் மாமாவுக்கு செங்கமலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்க நானும் நல்லா இருக்கேன், வெள்ளாடும் நல்லா இருக்கு, கூரையும் இந்த மழைக்குத் தப்பிச்சுக்கிருச்சு. நீங்க நல்லா இருக்கீங்கன்னு உங்க காயிதத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அது வந்து நாலு மாசமாச்சு. மலாயாவுல காயிதத்துக்குப் பஞ்சமா, என் நெனப்புக்குப் பஞ்சமா? கோவிச்சுக்காதீங்க, கேலிதான்.

தை பொறந்தா வாரேன்னு எழுதுனீங்க. நாளைக்கு மாசி பொறக்குது. காட்டுக்குள்ள கலகம், வெளிய கெளம்ப வழியில்லைன்னு நீங்க சொன்னதையெல்லாம் நம்புறேன். பூ வாங்க வந்த ராக்காயி, "என்னடி, உன் வீட்டுக்காரரு கப்பல் ஏறிட்டாரா?"ன்னு கேட்டா. "ஏறிட்டாரு, கப்பல்தான் இன்னும் கெளம்பலை"ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஒரு முழம் கூட வாங்கிட்டுப் போனா.

இப்ப ஒரு சங்கதி. நாடகக் கம்பெனி கலைஞ்சு நீங்க கப்பலேறுனப்ப, "ரெண்டே வருசம், ஆர்மோனியப் பெட்டியைப் பத்திரமாப் பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. பதினாலு வருசமா வெயில் காட்டி, துணி போத்திப் பாத்துக்கிட்டேன். இப்ப அதை வாசிக்கவே ஆரம்பிச்சுட்டேன். சிரிங்க. நாப்பத்தொரு வயசுல எனக்கு ஆர்மோனியம்.

மாதா கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிற சந்தனமேரின்னு ஒரு சின்னப் பொண்ணு, சனிக்கிழமையானா எங்கிட்டத்தான் பூ எடுக்கும். "வெரல் என்னமா ஓடுது அக்கா, பெட்டியில வச்சுப் பாருங்களேன்"னுச்சு. பூவுல ஓடுற வெரல் பெட்டியில வச்சா நனைஞ்ச கோழி மாதிரி நிக்குது. வலது கை வாசிச்சா இடது கை துருத்தியை மறந்துருது. துருத்தியை நெனச்சா வலது கை பட்டினி கெடக்குது. நடுவுல ஒரு வெள்ளைக் கட்டை ஊமையாப் போச்சு. அமுக்குனா பெருமூச்சுதான் வருது. பதினாலு வருசத்துல அது ஒண்ணுதான் சேதம்.

நீங்க வாசல்ல வந்து நின்னதும் வாசிக்க ஒரு பாட்டுக் கட்டப் போறேன். கட்டி முடிக்கிறதுக்குள்ள வந்துராதீங்க. முடிச்ச பெறகு வராம இருந்துராதீங்க.

இப்படிக்கு
உங்க பெட்டிக்குக் காவல்காரி
செங்கமலம்


ஈப்போ
9-3-1951

சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு உடையப்பன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தோட்டத்தில் வேலை ஓயவில்லை, கலகமும் ஓயவில்லை. பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்ட முடியாது. அதனால்தான் கடிதம் போடத் தாமதம். வேறு எதையும் நினைக்காதே.

நீ ஆர்மோனியம் படிப்பதை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. என் கை பெட்டியைத் தொட்டு வருசக்கணக்காகிறது. இந்த ரப்பர் காட்டில் பெட்டி ஏது, பாட்டு ஏது. துருத்தியை அவசரப்பட்டு இழுக்காதே. குழந்தைக்கு விசிறுவது போல ஒரே சீராக அசைக்க வேண்டும். பாட்டுக் கட்டினால் எழுதி அனுப்பு.

ஆடிப்பூரத்துக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
உடையப்பன்


உ
திருக்கோகர்ணம்
20-4-1951

என் மாமாவுக்கு செங்கமலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

நல்லா இருக்கேன். ஆடிப்பூரம்னு எழுதுன எடத்தை மட்டும் பத்துத் தடவை படிச்சுட்டேன். அந்த மடிப்பே கிழியப் பாக்குது.

பாட்டுக் கட்டிட்டேன். லேசுன்னு நெனச்சிராதீங்க. மொதல்ல ஒண்ணு கட்டுனேன். "கப்பலேறிப் போன மாமா, காயிதம் போடக் கையி வலியா"ன்னு ஆரம்பிச்சு எட்டு அடி. சந்தனமேரி கேட்டுட்டு, "அக்கா, இது பாட்டு இல்ல, வசவு"ன்னுச்சு. "வசவுக்கு ராகம் போடக் கூடாதா?"ன்னேன். "போடலாம், ஆனா அண்ணன் வந்து எறங்குன அன்னிக்கு வேணாம்"னுச்சு. அதுவும் சரிதான். அடிக்கு அடி ஒரே அளவா இருக்கணுமாம். அது எனக்குத் தெரியாதா. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை மொட்டு வச்சு நாரை இழுத்தாத்தானே சரம் கோணாம நிக்கும். அப்படியே கட்டிப் பாத்தேன், நின்னுருச்சு.

மல்லி மொட்டு விரிஞ்சிருக்கு மாமா
மாலை கட்ட நார் இருக்கு மாமா
கட்டி முடிக்கக் கையிருக்கு மாமா
கழுத்தை மட்டும் எங்க வச்சீங்க?

எப்படி? சந்தனமேரி ச ரி க மன்னு சொல்லித் தருது. எனக்கு நம்பர்தான் தலையில நிக்குது. வெள்ளைக் கட்டைக்கெல்லாம் இடது ஓரத்துலேருந்து துண்டுக் காயிதத்துல நம்பர் எழுதி, சோத்துப் பருக்கையால ஒட்டி வச்சிருக்கேன். கருப்புக் கட்டை பக்கம் நான் போறதே இல்லை. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டைன்னு பின்பக்கம் பூரா எழுதியிருக்கேன். மூணாவது அடியில குரல் மேல ஏறும், 8 8 9 10 9ன்னு. நீங்க மனசுக்குள்ளயே வாசிச்சுப் பாருங்க. உங்களுக்குப் பெட்டி எதுக்கு.

உங்க
செங்கமலம்


ஈப்போ
2-6-1951

சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு உடையப்பன் எழுதுவது.

பாட்டு வந்தது. நாடகக் கம்பெனியில் எத்தனையோ வாத்தியார்களுக்கு வாசித்திருக்கிறேன். கழுத்தை எங்கே வைத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. முதல் இரண்டு அடி தேன். ஆனால் மூன்றாவது அடியில் பிசகு இருக்கிறது. எட்டாம் கட்டை வரை சரி, அதற்கு மேல் எல்லாம் தள்ளி விழுகிறது. மூன்று தரம் வாசித்துப் பார்த்தும் கோணல்தான். ஒரே சிரிப்பு. நம்பரை மறுபடி பார்த்து எழுது.

ஆடிப்பூரத்துக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஐப்பசியில் பார்ப்போம்.

உடையப்பன்


உ
திருக்கோகர்ணம்
30-6-1951

என் மாமாவுக்கு செங்கமலம் எழுதிக்கொண்டது.

கப்பல்ல எடம் இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

மூணு தரம் வாசிச்சுப் பாத்ததா எழுதியிருக்கீங்க. எதுல மாமா வாசிச்சீங்க? ரப்பர் காட்டுல பெட்டி ஏதுன்னு நீங்கதான் எழுதுனீங்க. அந்தக் காயிதமும் எங்கிட்ட இருக்கு. மனசுக்குள்ள வாசிச்சா கோணாது, மனசு தானாத் திருத்திக்கிரும். கோணுச்சுன்னா அது நெசப் பெட்டி. சிரிச்சது யாரு?

அடுத்த வீட்டுப் பெட்டின்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. நம்பிருவேன். நம்புறதுல நான் கெட்டிக்காரின்னு ஊருக்கே தெரியும்.

செங்கமலம்


ஈப்போ
15-9-1951

செங்கமலத்துக்கு,

இரண்டு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அடுத்த வீட்டுப் பெட்டி என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. வாசித்தது என் மகள். பெயர் அமராவதி, எட்டு வயது.

ஜப்பான்காரன் வந்த வருசம் காய்ச்சலில் விழுந்து கிடந்தேன். கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவள் சொர்ணவல்லி. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கப்பல் கிடையாது, தபால் கிடையாது. இனி ஊரைப் பார்ப்போம் என்று எவனும் நம்பாத காலம். சண்டை ஓய்ந்து உன் முதல் கடிதம் வந்தபோது குழந்தை பேசப் பழகியிருந்தாள். அந்தக் கடிதம் முழுக்க நீ சிரித்திருந்தாய். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் தை என்றேன், ஆடி என்றேன்.

அமராவதி என் சட்டைப் பையிலிருந்து உன் பாட்டை எடுத்துவிட்டாள். கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி வாசித்தாள். யார் எழுதியது என்று கேட்டாள். ஊரில் இருக்கிற உன் அத்தை என்று சொல்லிவிட்டேன். "அத்தை ஏம்ப்பா தப்பா எழுதுனாங்க?" என்று தினமும் கேட்கிறாள்.

வருகிறேன் என்று இனி எழுத மாட்டேன். நீ என்ன வைதாலும் எனக்குத் தகும்.

உடையப்பன்


உ
திருக்கோகர்ணம்
4-11-1951

மேல பேர் போடுற எடத்தை வெறுமனே விட்டிருக்கேன். பழக்கத்துல மாமான்னு எழுதப் போனேன், பேனா மை கொட்டிருச்சு. அந்தக் கறை அதுதான். வேற ஒண்ணும் இல்லை.

உங்க காயிதத்தை யாருகிட்டயும் காட்டலை. எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு பகல் ஆச்சு. அன்னிக்குக் கட்டுன சரத்துல மொட்டு எண்ணிக்கை தப்பிப்போயி, கோயில்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க. இத்தனை வருசத்துல அது மொதத் தடவை.

வையச் சொல்லியிருக்கீங்க. ராகம் போட்டே வைய எனக்குத் தெரியும். ஆனா உங்க சட்டைப் பையில கை விடுற புள்ள அதையும் எடுத்துப் படிக்குமே.

கஞ்சி ஊத்துனவளை நான் என்னன்னு சொல்ல? சண்டை நடந்த அந்த வருசங்கள்ல, உங்க உசிருக்கு வேண்டிக்கிட்டு பிரகதாம்பாளுக்குத் தெனம் ஒரு முழம் போட்டேன். உசிரு நிக்கணும்னு கேட்டேன். எங்க நிக்கணும்னு கேக்க மறந்துட்டேன். ஆத்தா கேட்டதைக் குடுத்துட்டா. அவளைக் குத்தம் சொல்ல வழியில்லை.

பதினாலு வருசம் பொண்டாட்டியாக் காத்துக்கெடந்தேன். ஒரே வார்த்தையில கூடப் பொறந்தவளா ஆக்கிட்டீங்க. முறை மாத்துறதுல இம்புட்டுச் சுருக்கா ஒரு ஆளை நான் பாத்ததில்லை. சரி, போகுது. அந்தப் புள்ளகிட்ட அதை மாத்திச் சொல்ல வேணாம். பொய்யின்னு தெரிஞ்சா பாட்டும் பொய்யின்னு நெனச்சுக்கும்.

அத்தைன்னா சும்மா இல்லை. சடங்கானா பூ வச்சுவிட அத்தைதான் வரணும். எனக்கு அம்புட்டுத் தூரம் கை எட்டாது. அதனால பாட்டைத் திருத்தி அனுப்புறேன். இதையே சீரா வச்சுக்கிறட்டும்.

தப்பு என்னுதுதான்னு அமராவதிகிட்டச் சொல்லுங்க. என் பெட்டியில ஒரு கட்டை ஊமைன்னு எழுதியிருந்தேன்ல, அது ஒன்பதாவது கட்டை. சத்தம் வராததுக்கு நம்பர் எதுக்குன்னு அதை எண்ணாமத் தாண்டி ஒட்டிட்டேன். அதுவும் ஒரு எடத்துல இருக்குன்னு எனக்குத் தோணலை. புள்ள பெட்டியில அது உசிரோட இருக்கும். நான் ஒன்பதுன்னு போட்ட எடத்துல பத்தைத் தொடணும். பத்துன்னு போட்ட எடத்துல பதினொண்ணு. அவ்வளவுதான் கோணல்.

இங்க என்னைப் பத்தி ரோசிக்க வேணாம். தலையில பூ வைக்கிறதை விடலை. விக்கிறவளே வைக்காட்டி வாங்குறவ வாங்குவாளா? ராக்காயி கேட்டா கப்பல் வேற துறைக்குப் போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன். பெட்டியை மட்டும் கேக்காதீங்க, தர மாட்டேன். இடது கை இப்பத்தான் துருத்திக்குப் பழகியிருக்கு.

இனிக் காயிதம் போட வேணாம். பாட்டு சரியா வந்துச்சான்னு ஒரு வரி மட்டும் போடுங்கன்னு எழுத நெனச்சேன். அதுவும் வேணாம். சரியாத்தான் வரும்.

பாட்டுல மாமா வர்ற எடத்தையெல்லாம் எடுத்துட்டேன். வாசிச்சுப் பாத்தேன், தாளம் இடிக்கலை.

மல்லி மொட்டு விரிஞ்சிருக்கு கண்ணு
சரம் தொடுக்க நார் இருக்கு கண்ணு
கட்டி முடிக்கக் கையிருக்கு கண்ணு
கழுத்தைக் கொஞ்சம் திருப்பி நில்லு.

இப்படிக்கு
அமராவதியோட அத்தை
செங்கமலம்