மௌனப்புரவிக்குக் காத்திருந்தவர்

மேலைமலைச் சாரல் ஏழினுக்கும் உரியவளும், மூன்று கணவாய்களின் காவல் பூண்டவளும், செங்கோடை நாட்டின் முடி தரித்தவளுமாகிய காந்தள்மாதேவி, கீழ்த்திசை ஒளிநாட்டுச் சுடர்மங்கலத்துத் தேர்ச்சாலையின் முதல்வரும், குதிரை பூட்டாது மின்னால் ஓடும் தேரை உலகுக்கு அளித்த கைவல்லாருமாகிய விழுப்பரையர் காணும்படி விடுத்த ஓலை.

உமது நாட்டில் மழை தப்பாது பெய்க. உமது அரசரின் குடைநிழல் குளிர்ந்திருக்க. உமது பட்டறை உலை அவியாதிருக்க. அங்கே உழைக்கும் தச்சரும் கொல்லரும் மின்வினைஞரும் அந்தியில் கை கால் முழுமையாய்த் தத்தம் மனை சேர்க. எம் குடிகள் நலம். எம் நலத்தையும் கேட்டு எழுதியிருந்தீர். அதற்கு மறுமொழியே இவ்வோலை.

கார்த்திகை முழுநிலா நாளில் உமது ஓலை எம் கைக்கு வந்தது. மயிற்கழுத்து நிறத்தில் மௌனப்புரவி என்னும் தேர் அணியமாகிவிட்டது என்றும், எல்லைக் கணவாயின் வாயிலுக்கு எந்நாளில் அனுப்பலாம் என்று அருளுக என்றும், படைத்தலைவர் கொற்றவேலருக்கு உம் வணக்கத்தைக் கூறி, முதல் ஓட்டத்தில் அவர் முகம் எவ்வாறு மலர்ந்தது என்று தவறாது எழுதுக என்றும் அதில் கேட்டிருந்தீர். எம் கணவர் கொற்றவேலர் ஐப்பசி இருபத்திரண்டாம் நாள் பிற்பகலில் உயிர் நீத்தார். அச்செய்தி உமக்கு எட்டவில்லை போலும். அதில் உம்மேல் குறையொன்றும் இல்லை. உம்மேல் குறையில்லை என்பதை இவ்வோலையில் இன்னும் பலமுறை எழுத வேண்டியிருக்கிறது.

எம் கணவர் நான்காண்டுகளுக்கு முன் செம்பன் என்னும் புதுக் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் என்பதை நீவிர் அறிவீர். ஒன்பது போர்களில் சேணத்தை விட்டு இறங்காதவருக்கு அதன்பின் சாளரத்தோரக் கட்டிலே உலகமாயிற்று. பல்லக்கில் ஏற்றிப் பார்த்தோம். பள்ளியறையிலிருந்து முன்கூடம் வரை பதினோரு அடிதான். அவர் வலியில் உதட்டைக் கடித்ததில் குருதி வந்தது. சுமந்தவர் எண்மரும் அழுதுகொண்டே திரும்பக் கொண்டுவந்து கிடத்தினர். அன்றிலிருந்து வெளியே போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சித்திரை விழாவில் நீவிர் மௌனப்புரவியை முதன்முதல் ஊரறிய ஓட்டிக் காட்டியபோது, அங்கே சென்றிருந்த எம் தூதர் அதன் உருவம் தீட்டிய துணிச்சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதிர்வில்லை, குளம்பொலியில்லை, படுத்தபடியே செல்லத்தக்க சாய்விருக்கை உண்டு என்று அவர் சொல்லி முடிக்குமுன், ஒரு தேர் நமக்கும் வேண்டும் என்று பதிவோலை எழுதச் சொன்னார் எம் கணவர். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்தச் சுருளை மாட்டினோம். அன்று தொடங்கியது அரண்மனைக்குச் சோதனை. ஒருமுறை மின்னேற்றினால் முப்பது காதம் போகும், மேடேறினால் இருபத்தைந்து, இறக்கத்தில் செலவானதில் ஒரு பங்கைச் சக்கரமே திருப்பித் தரும் என்று பார்க்க வந்தவர்க்கெல்லாம் பாடம் நடந்தது. ஆற்றுநீர்ப் பிணக்குப் பேச வந்த அண்டை நாட்டுத் தூதுவர், பிணக்குத் தீராமல், மின்கலத்தைப் பற்றி மட்டும் தெளிவாக அறிந்துகொண்டு ஊர் திரும்பினார். உப்புப் போதுமா என்று கேட்டால் மின்னேற்ற எத்தனை நாழிகை என்று விடை வருகிறது என மடைப்பள்ளித் தலைவி எம்மிடம் முறையிட்டாள். லாயத்தின் ஓரத்தில் மின்னேற்றும் தூணையும் நடச்செய்து, அருவிச் சக்கரத்திலிருந்து அதற்குக் கம்பியும் இழுக்கச் செய்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கும் கதையாயிருக்கிறதே என்று யாம் நகைத்தோம். பேர் முதலிலேயே வைத்தாயிற்று, மௌனப்புரவி என்று, பிள்ளைதான் வர வேண்டும் என்றார். நான்காண்டுகளில் அவர் அப்படிச் சிரித்து யாம் கண்டதில்லை.

அந்த அவாவுக்குக் காரணம் எம் ஒரே மகள் செவ்வந்தி. கடற்கரை முத்தந்துறையில் வாழ்க்கைப்பட்டவள். இருமுறை கருக் கலைந்து மூன்றாம் முறை சூல் கொண்டிருந்தாள். மலையேறித் தாய்வீடு வரலாகாது என மருத்துவர் தடுத்துவிட்டார். பிறந்த குழந்தையின் நாவில் தாய்வழிப் பாட்டன் தன் விரலால் முதல் தேன்துளியைத் தொட்டு வைப்பது எம் குல வழக்கம். அதனைச் சேனை வைத்தல் என்போம்; வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பர். முத்தந்துறை இங்கிருந்து இருபத்துநான்கு காதம், வண்டியில் ஆறு நாள். மௌனப்புரவிக்கு ஒரு பகல், இடையில் மின்னேற்ற நிற்கவும் வேண்டா. இதை அவர் கரித்துண்டால் கட்டிற்சட்டத்தில் எழுதி வைத்திருந்தார். ஆவணி இறுதியில் பேறு என்று சொல்லியிருந்தனர்.

வைகாசியில் தருவோம் என்றீர். பின்னர் ஆனி என்றீர். செம்புச் சுரங்கத்தில் வெள்ளம் என்று ஓர் ஓலை வந்தது. மின்கலத்தின் பீங்கான் விரிசல் விட்டது, வேறு வார்க்கிறோம் என்று ஓர் ஓலை வந்தது. யாம் சினந்தோம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று அவர் எம்மை அடக்கினார். உமது ஓலைகள் அனைத்தையும் தலையணைக்கீழ் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஆடி ஆறாம் நாள் மௌனப்புரவி வந்தது.

விழுப்பரையரே, இதனை நீவிர் அறிவீர், யாம் அறிவோம், எல்லைக் கணவாயின் காவலர் நால்வர் அறிவர். உமது கார்த்திகை ஓலை வரும்வரை வேறு எவரும் அறிந்திலர். உம் ஆட்கள் தேரை வாயிலில் நிறுத்தி எமக்குச் சொல்லி விடுத்தனர். ஆடியில் எம் நாட்டார் புது வாகனம் ஏற்பதில்லை, புது மனை புகுவதில்லை, மணம் பேசுவதுமில்லை. அந்த வழக்கத்தை யாம் பெரிதாக மதித்ததில்லை. கரிநாளில் படை நடத்தி வென்றிருக்கிறோம். ஆனால் செம்பனை அவர் வாங்கியது ஆடியில். ஆடியில் குதிரை கொள்ள வேண்டா என்று பெரியோர் தடுத்தபோது, அவரோடு சேர்ந்து அவர்களை யாமும் எள்ளி நகைத்தோம். ஏழாம் நாள் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.

இதுவரை யாம் என்று எழுதிய கை இங்கே நான் என்று எழுதுகிறது. படியெடுப்போர் இதைத் திருத்த வேண்டா.

நான் அஞ்சினேன். ஆடி கழிய இருபத்தைந்து நாள். ஆவணி நான்காம் நாள் நல்ல நாள் என்று குறித்துக் கொடுத்தனர். பேறோ ஆவணிக் கடைசியில். இருபத்தொன்பது நாள் பொறுப்பதில் என்ன கெட்டுவிடும் என்று எண்ணினேன். தேர் வாயிலிலேயே நிற்கும் என்றும் எண்ணிக்கொண்டேன், அரசியின் தேரை யார் கொண்டுபோவார் என்ற செருக்கில். தேரை இப்போது ஏற்பதற்கில்லை என்று என் முத்திரையிட்டு ஓலை விடுத்தேன். முறை வந்தபோது பெறாதவரின் தேர் அடுத்தவருக்குப் போகும் என்பது உமது சாலையின் விதி. அது பதிவோலையின் கடைசி வரியில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை அவர் படித்திருந்தார். நான் படிக்கவில்லை.

தேர் வந்ததையே அவரிடம் மறைத்தேன். சொல்லியிருந்தால் ஆடியாவது ஆவணியாவது என்று அன்றே ஏறிப் படுத்திருப்பார். சுடர்மங்கலத்தார் இன்னும் தாமதம் என்கிறார்கள் என்று அவர் முகம் பார்க்காமல் சொன்னேன். முதல்முறை சொல்ல நாக்குக் கூசியது. மூன்றாம் முறை கூசவில்லை. ஆவணி பிறந்து ஆள் விடுத்தபோதுதான் எம் தேர் வேறொருவருக்குப் போய்விட்டது என்றும், மறு தேர் கார்த்திகையில்தான் என்றும் அறிந்தேன். அதையும் உமது தாமதம் என்றே சொன்னேன். அவர் உமக்காகப் பரிந்தார். புதுவினை செய்பவனை அவசரப்படுத்தக் கூடாது, அவன் மனைவியும் எப்போது முடியும் என்றுதான் அவனைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றார். குளம்பொலியைக் கேட்டே குதிரையின் நோயைச் சொல்லும் செவி அவருடையது. என் குரலில் இருந்த பொய் அந்தச் செவிக்குக் கேட்கவில்லையா, கேட்டும் விட்டுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

ஆவணி ஒன்பதில், குறித்ததற்கு முன்னரே, செவ்வந்தி ஒரு பெண்மகவைப் பெற்றாள். பாட்டனுக்காகக் காலை முதல் விளக்கு வைக்கும்வரை தேன்கிண்ணத்தோடு காத்திருந்து, பிள்ளை வீறிட்டு அழுதது பொறாமல், அவள் மாமனார் தம் விரலால் தொட்டு வைத்தாராம். அப்பா வரும்போது அவர் கையாலும் ஒரு துளி வைப்போம், கிண்ணத்தை மூடி வைத்திருக்கிறேன் என்று மகள் எழுதினாள். அவ்வோலையை என்னை மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, பிள்ளைக்கு யார் சாயல் என்று எழுதவில்லையே என்று கேட்டார். தேர் வந்ததும் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமே விடையும் சொல்லிக்கொண்டார்.

ஐப்பசி அடைமழையில் நெஞ்சில் சளி கட்டியது. கிடையாய்க் கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் நண்பகலில் சற்றுக் கஞ்சி உட்கொண்டு, உறக்கம் வருகிறது என்றார். போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன். "தேர் வந்தால் என்னை எழுப்பிவிடு. அயர்ந்து தூங்குகிறேன் என்று விட்டுவிடாதே" என்றார். எழுப்புகிறேன் என்றேன். அதன்பின் அவர் விழிக்கவில்லை.

தேர்ச்சாலை சொல் தவறியதால் படைத்தலைவர் ஆசை தீராமல் போனார் என்று நாடே பேசிற்று. கடைத்தெருவில் பொய்யனைச் சுடர்மங்கலத்தான் என்று அழைக்கத் தொடங்கினர். உமது பட்டறையை மூட வேண்டும் என்றும், உம்மை எம் அவையில் நிறுத்தி விடை கேட்க வேண்டும் என்றும் உம் அரசருக்கு அனுப்ப, என் கணவரின் தம்பியாகிய அமைச்சர் இளங்கொற்றர் ஓலை எழுதி அவைமுன் வைத்தார். அதற்கு முத்திரையிட என்னைக் கேட்டனர். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மறுத்தும் சொல்லாமல், உண்மையையும் சொல்லாமல் பல நாள் அரியணையில் அமர்ந்திருந்தேன். அந்நிலையில் உமது ஓலை வந்தது. ஆடியில் நான் தேரைத் திருப்பியதை ஒரு சொல்லாலும் இடித்துரைக்காமல், அவர் முகம் மலர்ந்ததா என்று மட்டும் கேட்டிருந்தீர். அதற்குமேல் என்னால் வாய் மூடி இருக்க இயலவில்லை. அவை கூட்டி அனைவரும் கேட்க உரைத்தேன். இளங்கொற்றர் தாம் எழுதிய ஓலையை இரண்டாக முறித்தார். எழுந்து சென்றார். இன்றுவரை அவர் அரண்மனைக்கு வரவில்லை.

ஆதலின் யாம் ஆணையிட்டும் வேண்டியும் சொல்வன இவை. சுடர்மங்கலத்தார் சொல் தவறவில்லை என்றும், தவறு செங்கோடை அரசியுடையது என்றும் எம் நாட்டின் ஊர்தோறும் பறையறைவிக்கச் சொல்லிவிட்டோம். உமது பதிவேட்டிலும் கொற்றவேலரின் பெயருக்கு நேரே, ஆடி ஆறாம் நாள் தேர் வந்தது, மனைவி திருப்பினாள் என்று எழுதி வையும். அரசி என்று எழுத வேண்டா.

மௌனப்புரவியை உடனே அனுப்புக. இது மார்கழி, எம் நாட்டார் வாகனம் ஏற்காத மற்றொரு மாதம். தை பிறக்கட்டும், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று அவையோர் தடுக்கின்றனர். ஒரு நல்ல நாளுக்குக் காத்திருந்து யாம் பெற்றது இந்த வாழ்நாளுக்குப் போதும். தேர் என்று வந்தாலும், எந்த நாழிகையில் வந்தாலும் அன்றே ஏற்போம். அவருக்கென நீவிர் அமைத்த சாய்விருக்கையை மாற்ற வேண்டா; அது அப்படியே இருக்கட்டும். அதனருகில் அமர்ந்து அவர் எழுதி வைத்த வழியிலேயே முத்தந்துறை செல்வேன். தந்தை இறந்ததைச் செவ்வந்தி அறிவாள். ஏன் வரவில்லை என்பதை அறியாள். இன்னும் உம்மையே சபித்துக்கொண்டிருக்கிறாள். பறையொலி கேட்டு அவள் அறியலாகாது. என் வாயால் நானே சொல்ல வேண்டும். அதன்பின் பேத்தியை என் கையில் தருவதும் தராததும் அவள் விருப்பம்.

உமக்கும் உம் மனையாளுக்கும் வாழ்நாள் நீள்க. உமது தேரேறிச் செல்வோர் யாவரும் செல்லுமிடம் உரிய காலத்தே சேர்க.

இஃது எம் சொல், எம் கைப்பட எழுதியது, எம் முத்திரை. எல்லைக் கணவாயின் காவலரும் பிறரும் இதனை வழுவாது நிறைவேற்றுக. மார்கழி மூன்றாம் நாள், நாளும் கோளும் பாராமல் விடுத்தோம்.